மறுபரிசோதனை நாளில் காணாமல் போன கால்

கட்டிலோரத்தில் ஷூ இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய செயற்கைக் கால் இல்லை.

காலை எட்டு மணிக்கு ஏட்டம்மா வந்தார். எந்த வீட்டுப் படியேறும் முன்பும் ஒரு நொடி கண்ணை மூடி, "ஆண்டவனே, இந்த வீட்டில் திருடன் இருக்கக் கூடாது" என்று வேண்டிக்கொள்வது அவர் வழக்கம். போலீஸ் வேலை பார்ப்பவருக்குப் பிழைப்பைக் கெடுக்கும் பிரார்த்தனைதான். ஆனாலும் அவர் விட்டதில்லை.

தெருவே 'பட்டாளத்தார்' என்று அழைக்கும் முன்னாள் ராணுவ வீரர் கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"படுக்கும்போது. ஷூவோடதான் கழற்றிச் சாய்ச்சு வச்சேன். நேத்துதான் பாலிஷ் போட்டேன்."

"கதவு?"

"உள்பக்கம் தாழ்ப்பாள். வீட்டில நான், இவ, இவ தம்பி. அவ்வளவுதான்."

ஏட்டம்மா ஷூவைக் கையில் எடுத்தார். முடிச்சு பொறுமையாக அவிழ்க்கப்பட்டிருந்தது. பளபளப்பில் ஒரு கீறலும் இல்லை.

"மாமா காலுக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப் போயிருக்கும். அதான் வேலை தேடிக் கிளம்பிடுச்சு," என்றான் மைத்துனன். வெளுத்த வெள்ளைச் சட்டையில் அவரை அழைத்துப் போகத் தயாராக நின்றான்.

"வாய மூடுடா," என்றாள் அவன் அக்கா, பட்டாளத்தாரின் மனைவி. கண் கலங்கியிருந்தது.

கலங்கத்தான் செய்யும். வேலை செய்ய முடியாத முன்னாள் வீரர்களுக்குத் தரும் இழப்பீட்டை, போன வருடம் இவருக்குப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். இன்று பத்து மணிக்கு மருத்துவக் குழு மறுபடி பார்க்கிறது. இதுவே கடைசி வாய்ப்பு.

"போன வருஷம் ஏன் குறைச்சாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க," என்றாள் மனைவி. "காலை மாட்டினா அரை மணி நேரம் நிக்க முடியாது. புண்ணாகி ராத்திரியெல்லாம் முனகுவார். அங்க டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டதும், எழுந்து விறைச்சு நின்னு, 'ஃபிட், சார்'னுட்டார்."

"மேலதிகாரி கேட்டா வேற என்ன சொல்றது?" என்றார் பட்டாளத்தார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

ஏட்டம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "கால் கிடைக்கட்டும், கிடைக்காம போகட்டும், நீங்க போயாகணும். ஊன்றுகோல் இல்லையா?"

"இந்தக் கால் வந்த நாள்ல பரண்ல போட்டது. எனக்குத் தோள்வலி, கையைத் தூக்க முடியாது," என்றாள் மனைவி. " தம்பி, நீ ஏறுடா."

அவன் ஸ்டூலில் ஏறி, தேடாமலே இரண்டு ஊன்றுகோல்களையும் எடுத்துக் கொடுத்தான். ஏட்டம்மா அவற்றின் அடிப்பகுதியை அழுத்திப் பார்த்தார். அவன் சட்டையைப் பார்த்தார். பிறகு தானே ஸ்டூலில் ஏறி, பரணில் கிடந்த பழைய மின்விசிறியைத் தொட்டார். இறங்கியதும், "கை கழுவணும், கொஞ்சம் சோப்பு குடுங்க," என்றார்.

மனைவியின் முகம் வெளுத்தது. "தம்பிய ஒண்ணும் கேக்காதீங்க. நான்தான் எடுத்தேன்."

"எங்க வச்சீங்க?"

"அரிசி டிரம்ல."

ஏட்டம்மா திறந்து பார்த்தார். அரிசிதான் இருந்தது.

"அப்ப... பீரோவில."

"அம்மா, உங்களுக்குத் திருடவும் தெரியல, பொய் சொல்லவும் தெரியல. நல்ல குடும்பம்." ஏட்டம்மா திரும்பினார். "எங்கப்பா வச்சிருக்க?"

மைத்துனன் சிரிக்க முயன்றான். "நானா?"

"பரண்ல எதைத் தொட்டாலும் கரி. நீ எடுத்துக் குடுத்த ஊன்றுகோல் துடைச்சு வச்சது. உன் சட்டையில ஒரு பொட்டு அழுக்கு இல்ல. அடியில மாட்டியிருக்கிறது புது ரப்பர். இத்தனை வருஷம் கிடந்த ரப்பர் கல்லா இறுகியிருக்கணும். காலைத் திருடறவன் பாலிஷ் கெடாம ஷூவைக் கழற்றி வைக்கிறான், ஆள் வழுக்கி விழுந்துடக் கூடாதுன்னு முன்கூட்டியே ரப்பரும் மாட்டி வைக்கிறான். இப்படி ஒரு திருடனை இப்பதான் பார்க்கிறேன்."

அவன் தலை கவிழ்ந்தது. "துவைக்கிற மெஷின்ல இருக்கு. துண்டுல சுத்தி வச்சிருக்கேன். அக்கா மறதியா ஓட்டிடக் கூடாதேன்னு பிளக்கையும் பிடுங்கிட்டேன்."

"ஏன்டா?" என்றார் பட்டாளத்தார்.

"கால் இருந்தா நீங்க விறைச்சு நிப்பீங்க மாமா. கக்கத்துல ரெண்டு கட்டைய வச்சுக்கிட்டு எப்படி விறைக்கிறது? நீங்க முனகறது பக்கத்து அறையில எனக்கும் கேக்குது."

பட்டாளத்தார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏட்டம்மா காலைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். "உங்க கால். மாட்டிக்கிட்டுப் போறதும் போகாததும் உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் சொல்றேன். உங்க வாழ்க்கையில நீங்க பொய் சொன்னதில்லன்னு தெருவே சொல்லும். வலிக்கிறப்ப ஃபிட்டுன்னு சொன்னீங்களே, அது என்ன?"

பட்டாளத்தார் மடியில் இருந்ததைத் தடவிப் பார்த்தார். காலை மாட்டிக்கொண்டார். மைத்துனன் கீழே உட்கார்ந்து ஷூவின் முடிச்சைப் போட்டான்.

மருத்துவக் குழுவின் அறை வாசலில் ஏட்டம்மாவும் நின்றார். வழக்கு முடிந்துவிட்டது, போயிருக்கலாம். போக மனம் வரவில்லை.

மூத்த டாக்டர் நிமிர்ந்தார். "எப்படி இருக்கீங்க?"

பழக்கம் முந்திக்கொண்டது. பட்டாளத்தார் எழுந்தார். முதுகு நிமிர்ந்தது, நெஞ்சு விரிந்தது. மைத்துனன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"ஃபிட்..." என்றார் பட்டாளத்தார்.

கண்ணை மூடி நிற்கும் மைத்துனனைத் திரும்பிப் பார்த்தார்.

"...இல்ல சார். ரொம்ப வலிக்குது. உட்கார்ந்துக்கட்டுமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து மேசையைச் சுற்றி வந்து, நாற்காலியைத் தானே அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உட்காருங்க," என்றார். "எங்க வலிக்குதுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க."