பன்னிரண்டாம் படுக்கையின் நாடிக் குறிப்பு

மதியம் 2.10.

பார்வையாளர் நேரம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. துவைத்த சட்டையோடு வார்டுக்குள் வந்த பெண், பன்னிரண்டாம் படுக்கையில் கண்மூடிக் கிடந்த கணவரின் கையைத் தொட்டாள். கை ஈரமாகச் சில்லிட்டிருந்தது. "என்னங்க" என்றாள். இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவள் குரல் வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டது.

இறந்தவர் தையற்காரர். வயது ஐம்பத்து நான்கு. முதல் நாள் மாலைதான் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். மூன்றே நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

மறுநாள், காலை 11.30.

பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு அறுவை மருத்துவர் இன்ஸ்பெக்டரின் எதிரே உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார், எதிரில் இருப்பவரைப் பேசவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

"வயித்துக்குள்ள ரெண்டு லிட்டர் ரத்தம். ரத்தக்குழாய்ல போட்ட முடிச்சு நழுவியிருக்கு. ஒரே அடியா இல்ல. நாலஞ்சு மணி நேரமா கசிஞ்சிருக்கு."

"முடிச்சு போட்டது யாரு?"

"நான்தான்." மருத்துவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "எப்பவோ ஒருத்தருக்கு அப்படி ஆகும் மேடம். அதுக்காகத்தான் மணிக்கு ஒரு தடவை நாடி பாக்கச் சொல்றது. உள்ள ரத்தம் குறையக் குறைய நாடி எகிறும். நூறைத் தாண்டினதுமே கூப்பிட்டிருந்தா திரும்பத் திறந்து காப்பாத்தியிருப்பேன். ஆனா இதைப் பாருங்க."

நாடிக் குறிப்புத் தாள். எட்டு மணிக்கு 80. ஒன்பதுக்கு 84. பத்துக்கு 80. பதினொன்றுக்கு 84. பன்னிரண்டுக்கு 88. ஒரு மணிக்கு 84. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே சுருக்கொப்பம்.

"செத்துக்கிட்டிருந்த மனுஷனுக்கு எண்பத்து நாலா? அந்தப் பொண்ணு கையைத் தொடவே இல்ல. உக்காந்த இடத்துல எழுதிட்டா."

அந்தப் பெண் பி.எஸ்ஸி. நர்சிங் நான்காம் ஆண்டு மாணவி. இறுதித் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம். கல்லூரி அவளை அன்று காலையே இடைநீக்கம் செய்திருந்தது.

பிற்பகல் 3.00.

மாணவி வெள்ளைச் சீருடையிலேயே வந்திருந்தாள். சட்டையில் தொங்கிய கடிகாரத்தைக்கூடக் கழற்றவில்லை.

"இந்தச் சுருக்கொப்பம் உன்னுதா?"

தாளைப் பார்த்தாள். ஒரு கணம் முகம் வெளிறியது.

"ஆமா மேடம்."

"இந்த எண்கள்?"

"நான் எண்ணல. மனசுக்குத் தோணினதை எழுதினேன்."

"ஏன்?"

"முப்பத்தெட்டு பேஷண்ட். நானும் சிஸ்டரும் மட்டுந்தான். அசதி."

"ஒரு மணிக்கு அப்புறம் எங்க இருந்த?"

"வேற ஒரு பேஷண்டுக்கு மறுபடி வலிப்பு வந்துடுச்சு. அவர் ரத்தத்தை லேபுக்கு எடுத்துட்டுப் போனேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிஞ்சிருச்சு."

"வீட்ல யாரு இருக்கா?"

"அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. பெரியம்மாதான் வளத்தாங்க."

மிரட்டாமலே குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் இவ்வளவு அவசரமாக ஒப்புக்கொள்பவர்களை இன்ஸ்பெக்டர் நம்புவதில்லை.

பிற்பகல் 4.40.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி வார்டுக்குள் நுழைந்ததும் இன்ஸ்பெக்டருக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். வார்டு சிஸ்டர் ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்வதற்குள் கையை விட்டுவிட்டார்.

"எண்பத்தெட்டு. பயப்பட ஒண்ணுமில்ல. மதியம் சாப்பிட்டீங்களா? இல்லைன்னு முகத்துலயே எழுதியிருக்கே."

மேசை இழுப்பறையிலிருந்து பிஸ்கட்டும் தண்ணீரும் வந்தன. இருபத்தாறு வருடம் இதே வார்டு. குதிகால் தேய்ந்த செருப்பு. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அந்தப் பொண்ணு எப்படி, சிஸ்டர்?"

"நல்ல பொண்ணு" என்றார் சிஸ்டர். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பதினொன்றாம் படுக்கையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் காலில் கட்டோடு சாய்ந்திருந்தார்.

"முப்பது வருஷம் பஸ்ல நின்னவன் மேடம். யாரு ஏறினா, யாரு டிக்கெட் எடுக்காம டிமிக்கி குடுத்தான்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்."

"அப்ப சொல்லுங்க. அந்தப் பொண்ணு உங்க பக்கத்துக் கட்டிலுக்கு வந்தாளா?"

"மணியடிச்சா மாதிரி வந்துச்சு. அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு, உதடு மட்டும் அசையும். சாமி கும்பிடுதுன்னு நினைச்சேன். பன்னண்டு மணிக்கு எண்ணி முடிச்சதும் நேரா சிஸ்டர்கிட்ட போச்சு. ஓடல. ஆனா ஓடாம இருக்கறதுக்கு ரொம்பப் பாடுபட்டுச்சு. ஒரு மணிக்கும் அதே மாதிரி."

"என்ன சொன்னா?"

"எனக்குக் கேக்கல. அப்புறம் மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன்." கிழவர் போர்வையை நீவினார். "அது சிஸ்டரோட தங்கச்சி மக. வீட்ல பெரியம்மா, வார்டுல சிஸ்டர். ஒரு நாள்கூட மாத்திக் கூப்பிட்டதில்ல."

இன்ஸ்பெக்டர் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வார்டின் மற்ற நாடித் தாள்களையும் கேட்டு வாங்கினார்.

மறுநாள், காலை 9.15. நர்சிங் கல்லூரி.

செய்முறை அறையில் முதலாண்டு மாணவிகள் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஆசிரியை உலாவினார். மாணவிகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'முழு நிமிஷம்'.

"அதுக்குள்ள எப்படி முடிஞ்சுது? முழு நிமிஷம் எண்ணு! நடுவுல ஒரு துடிப்பு தவறினா அது உனக்குத்தான் சின்ன விஷயம், அவருக்கு இல்ல."

அந்த நான்காம் ஆண்டு மாணவியின் செய்முறைப் பதிவேடுகளை ஆசிரியை எடுத்துத் தந்தார். நான்கு வருடத்து நாடிகள். 71, 83, 97, 66, 79. இன்ஸ்பெக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு வார்டிலிருந்து வாங்கி வந்திருந்த வேறு நோயாளிகளின் தாள்களைப் பிரித்தார். சிஸ்டர் ஒப்பமிட்டவை. 72, 76, 92, 68, 88.

பென்சிலால் ஓரத்தில் ஏதோ வகுத்துப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார். கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி அந்த முகத்தில் இல்லை.

முற்பகல் 11.00.

சிஸ்டரின் அறையில் மூன்று பேர்தான். பெரியம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மாணவியிடம் கையை நீட்டினார். "என் நாடியைப் பாரு."

விரல் பதிந்தது. உதடுகள் அசைந்தன. அறையில் ஒரு முழு நிமிடம் சத்தமே இல்லை.

"எண்பத்து மூணு."

"நேத்து உங்க பெரியம்மாவும் பாத்தாங்க. எண்பத்தெட்டு. நான் மூச்சு விடறதுக்குள்ள எண்ணி முடிச்சிட்டாங்க." சிஸ்டர் பக்கம் திரும்பினார். "பதினஞ்சு செகண்ட். அதை நாலால பெருக்கறது. சரிதானே?"

"முப்பத்தெட்டு பேருக்கு முழு நிமிஷம் எங்க இருக்கு?" என்றார் சிஸ்டர், மெல்ல.

"குறை சொல்லல. ஆனா அப்படிப் பெருக்கினா எண்பத்து மூணு வராது. எழுபத்தொம்பது வராது. நாலால வகுபடற எண் மட்டுந்தான் வரும். நீங்க எழுதின தாள் எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கு. இவ எழுதினது எதுலயும் அப்படி இல்ல." அந்தத் தாளை மேசையில் வைத்தார். "இதுல ஆறு எண் இருக்கு. ஆறும் நாலால வகுபடுது."

"நான் மனசுக்குத் தோணினதை எழுதினேன்னு சொன்னேனே!" மாணவியின் குரல் உடைந்தது.

"பொய் சொல்றவங்களும் அவங்கவங்க பழக்கத்துலதாம்மா பொய் சொல்வாங்க. இது உன் பொய் இல்ல. இருபத்தாறு வருஷம் நாலால பெருக்கின கையோட பொய்."

சிஸ்டர் தலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மறந்துட்டேன்" என்றார். "அவ்வளவுதான் மேடம். பன்னண்டுக்கு வந்து சொன்னா. டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார், கூப்பிடறேன்னேன். போனைக் கையில எடுத்தேன். அந்தப் பக்கம் ஒருத்தருக்கு வலிப்பு. போட்டுட்டு ஓடினேன். ஒரு மணிக்குத் திரும்ப வந்து கேட்டா. கூப்பிட்டாச்சு, வந்துடுவார்னு சொல்லிட்டேன். அந்தப் பேஷண்டுக்குத் திரும்ப வலிப்பு, நாக்கைக் கடிச்சிட்டிருந்தார், யோசிக்காம வாயில வந்துடுச்சு. அவர் போனதுக்கப்புறம்தான் ஞாபகம் வந்துது. தாளைக் கிழிச்சிட்டு வேற எழுதி, இவ போடற சுருக்கொப்பத்தையே போட்டேன். திடீர்ச் சாவுன்னு போயிடும், யார் மேலயும் பழி வராதுன்னு நினைச்சேன். இவ தலையில விடியும்னு தெரியல."

"தெரிஞ்ச பிறகு?"

"ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்தேன். இவ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. வாயைத் திறந்தீங்கன்னா வீட்டை விட்டே போயிடுவேன்னா. நான் டிப்ளமாவோட நின்னவ. இவளாவது டிகிரி வாங்கணும்னு படிக்க வெச்சேன். கடைசியில அந்த டிகிரியை எனக்காகவே விடறேன்னா, நானும் வாயை மூடிக்கிட்டேன். அதுதான் பெரிய பாவம்."

"நிஜமான எண்கள் என்ன?" என்று இன்ஸ்பெக்டர் மாணவியைக் கேட்டார்.

அவள் தாளைப் பார்க்கவில்லை.

"எட்டு மணிக்கு எண்பத்தொண்ணு. ஒம்பதுக்கு எண்பத்து மூணு. பத்துக்குத் தொண்ணூத்தொண்ணு. பதினொண்ணுக்குத் தொண்ணூத்தொம்பது. பன்னண்டுக்கு நூத்திப் பதினேழு. ஒரு மணிக்கு..." நிறுத்தினாள். "நூத்தி முப்பத்தொண்ணு. நானே தியேட்டருக்கு ஓடியிருக்கலாம் மேடம். ஸ்டூடண்ட் சிஸ்டரைத் தாண்டிப் போகக் கூடாதுன்னு நின்னுட்டேன். அதனாலதான் ஒத்துக்கிட்டேன். அது முழுப்பொய் இல்ல."

சிஸ்டர் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். அன்று மாலையே வேலை போயிற்று. வழக்கு தனியே நடந்தது. கல்லூரி மாணவியைத் திரும்ப அழைத்தது. இரண்டு மாதம் கழித்து அவள் தேர்வு எழுதித் தேறினாள். பட்டமளிப்புக்குப் போகவில்லை. வீட்டில் பெரியம்மா யாரோடும் பேசுவதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகொரு நாள் தையற்காரரின் மனைவி அவளைத் தேடி வந்தாள். யார்மேலும் கோபப்பட வரவில்லை என்று முதலிலேயே சொன்னாள். ஒன்று மட்டும் தெரியவேண்டும்.

"கடைசியில அவர் ஏதாவது பேசினாராம்மா?"

"ஒரு மணிக்குத் தண்ணி கேட்டார். குடுக்கக் கூடாது. பஞ்சை நனைச்சு உதட்டுல வெச்சேன். படபடன்னு வருதுன்னார். டாக்டர் இதோ வந்துடுவார், பயப்படாதீங்கன்னு சொன்னேன்."

"நம்பினாரா?"

"நம்பினார். சரின்னு தலையாட்டினார்."

அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"அவர் லேசுல யாரையும் நம்ப மாட்டார்" என்றாள்.