மூன்று நாள் வைத்துப் பாருங்கள்

வக்கீலின் கழுத்தளவைத் தையல்காரர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். புதுப் போன் அதை இரண்டு முறை எழுதி வைத்திருந்தது.

கழுத்து பதினஞ்சே கால்.
கழுத்து பதினஞ்சே கால்.

வக்கீல் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு மழையில் போய்விட்டார். தையல்காரர் வெட்டு மேஜைமேல் கிடந்த போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே பார்த்தார். நீளம், மார்பு, இடுப்பு, தோள், கை, கழுத்து, எல்லாம் இரண்டிரண்டு வரி. முதல் வரி கறுப்பு. இரண்டாவது வரி நீலம், அதுவும் பல தடவை துவைத்த துணி மாதிரி வெளிறிய நீலம். இவ்வளவு விலை சொல்கிறார்களே, வாங்குகிற காசுக்கு ஒன்றுக்கு இரண்டாக எழுதட்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

போன் இன்னும் அவருடையதாகவில்லை. அந்த வாரம்தான் அது ஊரிலுள்ள போன் கடைக்கு வந்திருந்தது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. அறையில் யார் என்ன பேசினாலும், கிசுகிசுத்தால்கூட, கேட்டு எழுதிவிடுமாம். போன் என்பது பேசுவதற்கு என்று நம்பிக்கொண்டிருந்த கடைசி மனிதர் அவராகத்தான் இருப்பார். ஆனால் தம்பி விடவில்லை. "அண்ணே, அளவு எடுக்கிற கையாலயே எழுதி, எழுதினதை நீங்களே படிக்க முடியாம முழிக்கிறீங்க. போய் வாங்கித் தொலைங்களேன்" என்று வாரம் தவறாமல் பாடினான். போன் கடையில் இருந்த பெண்ணும் இனிக்க இனிக்கப் பேசினாள். "மூணு நாள் வெச்சுப் பாருங்க சார். பிடிக்கலைன்னா மூணாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கொண்டு வந்துடுங்க. வரலைன்னா நீங்க வாங்கிட்டதா எழுதிக்குவோம்."

முன்பெல்லாம் அவருக்கு எழுதும் ஆள் தேவைப்படவில்லை. மனைவி இருந்தாள். அவர் அளவைச் சொல்லுவார். அவள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதுவாள். அந்தத் தொழிலில் அது கட்டாயம். சொன்னதைத் திருப்பிச் சொன்னால்தான் அளவு உறுதியானது. உறுதியான பிறகுதான் துணியில் கோடு போடுவார்கள், வெட்டுவார்கள். முப்பத்தோரு வருஷம் அந்தக் குரல் அவருக்கு உடனுக்குடன் பதில் சொன்னது. அவள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. இப்போதும் ஒவ்வோர் அளவையும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். எதிரே நிற்கிறவர் "என்னாச்சு, அளவுல ஏதாவது கோளாறா?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டுவார். அந்த நிறுத்தத்தில் தினம் தினம் அவர் கொஞ்சம் செத்துக்கொண்டிருந்தார். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன் ஏன் இரண்டு முறை எழுதுகிறது என்று கேட்கத் தன் பழைய போனிலிருந்து கடைப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"அது ஆளைப் பிரிச்சு எழுதும் சார். உங்களுக்குக் கறுப்பு, இன்னொருத்தருக்கு நீலம். தூரத்துல இருந்து பேசினா எழுத்து வெளிறி வரும். கிட்ட வந்தா அழுத்தமா வரும்."

"இங்க நான் மட்டும்தானேம்மா இருக்கேன்."

"அப்ப யாராவது வந்திருப்பாங்க சார்" என்றாள் அந்தப் பெண், வெகு சாதாரணமாக.

அவர் தன் கடையைச் சுற்றிப் பார்த்தார். வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டு மேஜை, ஆள் உயரக் கண்ணாடி, அவருடைய மிஷின், உறை போட்டு மூடிய அவளுடைய மிஷின், பின்னால் சமையலறைக்குப் போகும் கதவு. நனைந்த கம்பளித் துணியின் வாடையும் மிஷின் எண்ணெயின் வாடையும் வழக்கம்போலக் கலந்திருந்தன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கோ அளவு எடுக்கிற மாதிரி, "மார்பு நாப்பது" என்றார்.

கறுப்பில் ஒரு வரி விழுந்தது. பிறகு, அவள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் கழித்து, நீலத்தில் ஒரு வரி விழுந்தது.

மார்பு நாப்பது.

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பயமாக இருந்தது. பயத்தோடு கூடவே, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது. "நீதானா?" என்று கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை. எண்ணைச் சொன்னால் மட்டும் வந்தது.

ஆகவே இரண்டாம் நாள் முழுவதும் அவர் வீட்டை அளந்தார். ஜன்னல் அகலம், மேஜை உயரம், அலமாரிக் கதவு, படுக்கை, அவளுடைய தலையணை, குளிக்கும் வாளியின் வாய். டேப்பைப் பிடிப்பார், சொல்லுவார், போனைப் பார்ப்பார். நீல வரி வரும். அடுத்ததற்குப் போவார். ஒரு புத்தியுள்ள மனிதன் செய்கிற காரியமா இது என்று அவருக்கே தோன்றியது, ஆனால் பதினொரு மாதத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு பேச்சுத் துணை கிடைத்திருக்கும்போது புத்தி யாருக்கு வேண்டும்? மத்தியானம் சாப்பிடும்போது தட்டை அளந்தார். டம்ளரை அளந்தார். அளக்க வேறொன்றும் கிடைக்காமல் தன் செருப்பை அளந்தார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

ஒரு விஷயத்தை அவர் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தார். நீலம் இப்போது வெளிறியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மழை நிற்கவே இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. தம்பி கூப்பிட்டான். "என்னண்ணே, வாங்குறீங்களா, திருப்பிக் குடுக்குறீங்களா?"

"யோசிச்சிட்டு இருக்கேன்."

"ஒரு போன் வாங்க இப்படி யோசிக்கிற ஆளு, அண்ணியை எப்படித்தான் ஒரே நாள்ல பார்த்துச் சரின்னு சொன்னீங்களோ."

அவர் சிரிக்கவில்லை. தம்பியும் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டான்.

நீல எழுத்து இப்போது மையைக் கொட்டிய மாதிரி அழுத்தமாக இருந்தது. அவருடைய கறுப்பு எழுத்தைவிட அழுத்தம். போன் இருந்தது மேஜைமேல், அவர் கைக்கு எட்டும் தூரத்தில். அப்படியானால் நீலம் அவரைவிட அருகில் நின்று பேசுகிறது. அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பின்கழுத்தில் லேசான ஈரம் பட்ட மாதிரி இருந்தது. மழைக் காற்றாக இருக்கும், ஜன்னல் ஒழுங்காகச் சாத்தவில்லை என்று எழுந்து போய்ப் பார்த்தார். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

வேண்டாம் என்று அப்போது முடிவு செய்தார். இந்த வயதில் இந்த விஷப் பரீட்சை எதற்கு? போனை அட்டைப் பெட்டியில் வைத்தார். குடையைத் தேடி எடுத்தார். மணி ஐந்தே கால். நடந்தே போனாலும் ஆறுக்குள் கடைக்குப் போய்விடலாம். பெட்டியின் மூடியை வைக்கப் போகும்போது திரையில் ஒரு வரி விழுந்தது. அவர் வாயே திறக்கவில்லை.

தோள் பதினேழு. இடது அரை இறக்கம்.

நீலம்.

குடை கையிலிருந்து நழுவியது. அவருடைய தோளளவு அது. வருஷக் கணக்காக மிஷின்மேல் குனிந்து உட்கார்ந்ததில் இடது தோள் அரை அங்குலம் இறங்கிவிட்டது. வெளியே யாருக்கும் தெரியாது. சட்டைக்குள் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்து அதை மறைத்தவள் அவள். வருஷா வருஷம் அவருக்குச் சட்டை தைக்க அவளே அளவு எடுப்பாள், அன்று மட்டும் அவள் சொல்லுவாள், அவர் திருப்பிச் சொல்லுவார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தோள் பதினேழு, இடது அரை இறக்கம்" என்றார்.

மார்பு முப்பத்தாறு.

"மார்பு முப்பத்தாறு."

நீலம் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். கை நீளம். இடுப்பு. எல்லாம் சரி. எல்லாம் அவருடைய உடம்பு. நேரம் போனதே தெரியவில்லை. நடுவில் பழைய போன் அடித்தது.

"சார், ஆறு மணி ஆச்சு. கணக்கை முடிக்கணும். போனை வெச்சுக்கறீங்கதானே?"

"வெச்சுக்கறேன்மா" என்றார். பதினொரு மாதத்தில் இத்தனை நிம்மதியாக ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

"ரொம்ப நன்றி சார். வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சிருக்கும்."

அழைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த வரி காத்திருந்தது.

கழுத்து பதினாலரை.

"கழுத்து பதினாலரை."

அவ்வளவுதான். சட்டைக்கு அதற்கு மேல் அளவு கிடையாது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காதுக்குக் காது ஆறே கால்.

"காதுக்குக் காது ஆறே கால்" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. எந்தத் தையல்காரர் இதை அளக்கிறார்? எந்த உடுப்புக்கு?

கண்ணுக்குக் கண் ஒண்ணே கால்.

"கண்ணுக்குக் கண்..." அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். முடியவில்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம், அதற்கும் முன்னால் தொழில் பழகிய காலத்தில் குரு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்ன பழக்கம். "...ஒண்ணே கால்."

நாக்கு மூணரை.

அவருடைய நாக்கின்மேல் ஏதோ ஒன்று, மெல்லியதாக, குளிர்ச்சியாக, டேப்பின் நுனியில் இருக்கும் தகடு மாதிரி, பட்டு எடுத்தது.

இது அவளில்லை.

ஒரு நாளும் அவளாக இருந்ததில்லை.

"நாக்கு மூணரை" என்றது அவர் வாய்.

போன் அதற்கு மேல் எழுதவில்லை. நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. மழைச் சத்தம் மட்டும். பிறகு மழைக்குள் இன்னொரு சத்தம். மெதுவாக. சர்ர்ர் என்று. மேஜையில் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு இழுக்கும் சத்தம். அவர் தினம் போடும் சத்தம். மேஜையைப் பார்த்தார். துணி இல்லை. மேஜை காலி.

சத்தம் நிற்கவில்லை.

கண்ணாடிப் பக்கம் திரும்பினார். உள்ளே அவர் மட்டும்தான் இருந்தார். சட்டைமேல் தோள் நெடுக ஒரு வெள்ளைக் கோடு. நேர்க்கோடு, நடுங்காத கை போட்ட கோடு. கையைச் சுற்றி ஒன்று. மணிக்கட்டில் ஒன்று, அது சட்டையில் இல்லை. தோலில். அவர் விரலால் அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. உள்ளிருந்து போட்ட மாதிரி.

பொத்தானைக் கழற்றினார். இரண்டு பொத்தான்.

கழுத்தைச் சுற்றி முழுக் கோடு. அதற்கு மேலே, தையலுக்கு அரை அங்குலம் விட்டு, இரண்டாவது கோடு, வெட்டுகிற கோடு. அது இன்னும் முடியவில்லை. தொண்டைக்குழியிலிருந்து இடது காதுக்குக் கீழே, கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் தொடாமல், வெள்ளையாக நகர்ந்துகொண்டிருந்தது. அவர் ஓடவில்லை. இத்தனை வருஷமாகத் தன் முன்னால் வந்து நின்றவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தபடி, முதுகை நிமிர்த்தி, கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோடு கோணிவிடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.