சலித்த மண்

காலை பத்தரை மணி. மேட்டில் தோண்டிய குழியிலிருந்து பேராசிரியரைப் பிணமாகத் தூக்கினார்கள். பழம்பாடல்களில் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஒரு கோட்டை எங்கே இருந்தது என்று பாதி ஆயுளைத் தேடியே கழித்தவர். கோட்டை கிடைக்கவில்லை, குழிதான் கிடைத்தது.

குழியின் ஒரு பக்க மண்சுவர் சரிந்து கிடந்தது. விபத்து என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போக கான்ஸ்டபிள்கள் தயார். இன்ஸ்பெக்டர் அம்மாள் மட்டும் குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“எப்படி நடந்துச்சு?”

பதில் சொன்னவன் பேராசிரியரின் அக்கா மகன். தாய் தகப்பனை இழந்து மாமா வீட்டில் வளர்ந்து, மாமாவுக்கே உதவியாளன் ஆனவன்.

“என் கண்ணு முன்னாடியே சுவர் இடிஞ்சு விழுந்துச்சு மேடம். கையாலயே தோண்டிப் பாத்தேன்.”

“வேற யாரு இருந்தாங்க?”

“இன்னைக்கு வேலையாட்களுக்கு லீவு. நாங்க ரெண்டு பேருதான்.”

“ஏதாவது மனஸ்தாபம்?”

“ஐயோ, இல்ல. ரொம்ப சந்தோஷமா இருந்தார். நான் எடுத்த கல்லுலதான் கோட்டை பேரே வெட்டியிருக்கு. இந்த மேடுதான் அந்த இடம்னு நாளைக்கு அறிவிக்கிறதா இருந்தோம்.”

பேராசிரியரின் மனைவி இன்ஸ்பெக்டரைத் தனியே இழுத்தாள். “கவனமில்லாம சாகிறவர் இல்லம்மா அவரு. நேத்து சாப்பிடறப்போகூட, ‘கிணறு இல்லாத மேட்டுல எவன் கோட்டை கட்டுவான்? தப்பான இடத்துல தோண்டறோம்’னு புலம்பினார். உண்மை எனக்குத் தெரிஞ்சாகணும். யாரா இருந்தாலும் விடாதீங்க.”

இன்ஸ்பெக்டர் குழிக்குள் இறங்கினார். மேலே கட்டிகள், கூழாங்கல், வேர், பானை ஓடு. உடல் கிடந்த அடிப்பகுதியில் ஒரு பிடி அள்ளினார். மாவு போல இருந்தது. கரையில் பெரிய சல்லடை; பக்கத்தில் ஒரு மண்குவியல்.

“அது என்ன?”

“சலிச்ச மண்ணு,” என்றான் மேலே நின்ற அக்கா மகன். “ஒரு ஓட்டுச் சில்லுகூடத் தப்பக் கூடாதுன்னு ஒவ்வொரு கூடையா சலிப்போம். சலிச்சப்புறம் அதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்.”

மாலை நான்கு மணி. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் பேசிவிட்டு இன்ஸ்பெக்டர் பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். அத்தையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் மருமகன்.

“உங்க படிப்புல, அடியில இருக்கிற மண்ணுதானே முந்தினது? மேல இருக்கிறது பிந்தினது?”

பழக்க தோஷம், அவன் தலை தானாக ஆடியது.

“சுவர் மண்ணு மேல கிடந்துச்சு. அதுக்கு அடியில, உடம்பை ஒட்டி, சலிச்ச மண்ணு. கடுகளவு கல்லுகூட இல்ல. அது தானா நடந்து குழிக்குள்ள போகுமா? முதல்ல அதைத் தள்ளினது நீ. சுவரை இடிச்சு மூடினது அப்புறம். நேத்து ராத்திரி ‘தப்பான இடம்’னு புலம்பினவர் நாளைக்கு இதுதான் இடம்னு எப்படி அறிவிப்பார்? பேரு வெட்டின கல்லை நீயே புதைச்சு எடுத்தே. மாமா கண்டுபிடிச்சுட்டார்.”

அவன் உடைந்து போனான். “ஊர் சிரிக்கும்னு பயந்துட்டேன். பிடிச்சுத் தள்ளினேன், அவ்வளவுதான். பின்மண்டையில அடிபட்டு அசையாம கிடந்தார். செத்துட்டார்னு நெனச்சுத்தான் மண்ணைப் போட்டேன்…”

வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இந்தக் கடா பாய்ந்துவிட்டு வந்து ஆறுதலும் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்ததைச் சொல்ல இன்ஸ்பெக்டருக்கு மனமில்லை. ஆனால் உண்மை தெரிந்தாக வேண்டும் என்று கேட்டவள் எதிரிலேயே இருந்தாள்.

“தொண்டைக்குள்ள அந்த மண்ணு இருக்கு. செத்தவங்க மூச்சு இழுக்கிறதில்ல.”

அத்தை தன் கையை உருவிக்கொண்டாள். அழவில்லை. அவன் பக்கம் திரும்பினாள்.

“ஒரு ஓட்டுச் சில்லு தப்பக் கூடாதுன்னு கூடை கூடையா சலிச்சியேடா. மாமாவுக்கு மூச்சு இருக்கான்னு ஒரு தடவை குனிஞ்சு பாக்கலையா?”