மூன்று தட்டு வரும் வரை

"பூட்டுங்கோ சேர்! பூட்டுங்கோ!"

வால்வுச் சக்கரத்தைத் திருப்பத் தொடங்கியிருந்த எஞ்சினியர் ஞானசேகரம் பதறிப்போய் மறுபக்கம் முறுக்கினார். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

குழாய் பொருத்தும் பிற்றர் றஊப் குழாயருகே குந்தியிருந்தான். இரும்புக் கம்பியின் ஒரு முனை குழாயில், மறுமுனை அவன் காதில்.

"தட்டுறார் சேர். இன்னும் உள்ளுக்குத்தான் நிக்கிறார்."

ஞானசேகரம் கம்பியை வாங்கிக் காதில் வைத்தார்.

டங்.

நீண்ட அமைதி. பிறகு மீண்டும், டங்.

தொண்ணூறாம் ஆண்டு, யுத்த காலம். தொலைபேசி செத்துக் கிடந்தது, வோக்கி டோக்கிக்குத் தடை. ஓர்ஸ் ஹில் குன்றின் உச்சியிலிருக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் அடிவாரத்து வால்வுக்கும் குழாயே தந்தி. தாங்கியின் வாயை அடைத்த சேற்றை வழிக்கத் தொழிலாளி அருளம்பலம் காலையிலேயே ஏறிப் போயிருந்தார். போன கொஞ்ச நேரத்தில் மேலே எங்கோ துப்பாக்கி வெடிச்சத்தம் கேட்டது. வெடி கேட்காத நாள் ஏது?

ஒற்றைத் தட்டு என்றால் ஆள் உள்ளே. விடாமல் மூன்று தட்டு என்றால் வெளியே வந்தாயிற்று. தாங்கிக்குள் இறங்கியவர்தான் அதைத் தட்ட வேண்டும். அவருக்காக வேறு எவரும் தட்டக் கூடாது. அதற்கு முன் வால்வைத் திறந்தால், உள்ளே நிற்பவரின் காலைக் குழாய் உறிஞ்சி இழுத்துவிடும்.

"இவ்வளவு நேரமா ஒரு மனுசன் சேறு வழிப்பார்?"

"அருளம்பலம் அண்ணன் தண்ணிக்குள்ள இறங்கினா எருமை மாதிரி, சேர். எழும்ப மனம் வராது."

ஞானசேகரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி புஷ்பவதி துடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. தண்ணீர் இல்லாமல் கத்தி வைக்க ஏலாது என்று டொக்டர் கையை விரித்துவிட்டார்.

"நீர் ஒருக்கா மேல போய்ப் பாரும் றஊப்."

றஊப் இரு கைகளையும் உயர்த்தியபடி ஆமிக்காரரின் காவல் சென்றியைக் கடந்து ஏறிப் போனான்.

வெயில் சாய்ந்தது. துறைமுகத்திலிருந்து வந்த காற்றில் உப்பும் எரிந்த ரயரின் நாற்றமும். குழாய் மட்டும் குளிர்ந்துகொண்டே வந்தது.

டங்.

இப்போது தட்டு வலுத்திருந்தது. கெஞ்சுவது போல.

றஊப் திரும்பி வந்தபோது அவன் சாரன் இடுப்புவரை நனைந்திருந்தது.

"ஒருத்தரும் இல்ல சேர்."

"என்ன கதை இது? இப்பவும் கேக்குதே!"

"தண்ணி மட்டும்தான் கிடக்கு. சேத்தை நான் வழிச்சிட்டன். திறவுங்கோ."

"மூண்டு தட்டு வரேல்லையே..."

"இனி வராது." அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "மனுசிய நினையுங்கோ சேர்."

ஞானசேகரம் கம்பியை எறிந்துவிட்டுச் சக்கரத்தைப் பற்றினார்.

கம்பி இல்லாமலே கேட்டது.

டங்!

சக்கரம் கைக்குள் உதறியது. வேண்டாம் என்று யாரோ அந்தப் பக்கத்திலிருந்து பிடித்து இழுப்பது போல.

அவர் அழுதார். அழுதுகொண்டே திறந்தார்.

தண்ணீர் ஓடியது.

பொழுதுபட்டு இருட்டிய பிறகு, வார்ட்டுக்கு வெளியே காத்திருந்த இருவரிடமும் தாதி பரீதா சிரித்த முகத்தோடு வந்தாள்.

"ஆம்பிளைப் பிள்ளை சேர். தாயும் சுகம். நல்ல நேரம் தண்ணி வந்தது. பிள்ளையையும் அதிலதான் கழுவினம்."

ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர் நீட்டினாள்.

"ஆனா ஒண்டு சேர், தண்ணி வந்த நேரத்தில இருந்து பைப் தட்டிக்கொண்டே கிடக்கு. உள்ளுக்குக் காத்துப் போல."

டங்.

தட்டு, பிள்ளை கிடந்த அறைச் சுவருக்குள்ளிருந்து வந்தது.

ஒற்றைத் தட்டு.

ஞானசேகரம் கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனார். றஊப் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் கிளாஸ் தொடப்படாமல் அவர்கள் உட்கார்ந்திருந்த வாங்கில் இருந்தது.

"குடிக்காதேங்கோ சேர்."

இடுப்பிலிருந்து ஒன்றை உருவி அவர் மடியில் வைத்தான். பிடியில் சிவப்புத் துணி சுற்றிய ஸ்பேனர். அருளம்பலம் குழாயைத் தட்டுவது அதைக் கொண்டுதான்.

அது காய்ந்து கிடந்தது.

"தாங்கிக்கு வெளியில, மூடிக்குப் பக்கத்தில விழுந்து கிடந்தது," என்று முணுமுணுத்தான். "காலமை கேட்ட வெடி அண்ணனுக்குத்தான், சேர். நான் போகேக்க உடம்பு ஊறி, தண்ணிக்கு மேல மிதந்தது."