பாதி உருண்டைக் களிமண்

மோர்னிங்சைட் என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பெரிய புல்வெளி இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அங்கே பிள்ளைகள் கிளைடர் விடுவார்கள். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத குட்டி விமானம். கையால் எறிந்தால் மிதந்து போகும். போகாவிட்டால் தொப்பென்று விழும்.

முன்பெல்லாம் பத்து செக்கன் பறந்தால் நீல ரிபன் கிடைக்கும். "எல்லாரும் லேசா எடுக்கிறியள்" என்று, கிளப்பை நடத்தும் ஜூலி அன்ரி இந்த வருடம் அதை இருபதாக்கிவிட்டார். அதன் பிறகு புதுப் பிள்ளைகள் ஒரு நாள் வந்து எறிந்து பார்த்துவிட்டு, மறுவாரம் நீச்சலுக்குப் போய்விடுகிறார்கள். மிஞ்சியது துஷானியும் இன்னும் இரண்டு பேரும்தான்.

துஷானி பத்தொன்பது வரை வந்துவிட்டாள். மிச்சம் ஒரே ஒரு செக்கன். அதற்காகத் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள்.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை. கிளைடருக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. துஷானி கையை ஓங்கினாள். பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

புதிதாக வந்த மிதுசன். அவனுடைய கிளைடர் எறிந்த உடனே தலையைத் தூக்கிக்கொண்டு எழும்பி, அப்படியே பின்பக்கமாக விழுந்து கிடந்தது.

"அழுறியோ?" என்றாள் துஷானி.

"இல்லை. நான் வீட்டை போறன். இனி வரமாட்டன்."

அவள் அந்தக் கிளைடரைத் தூக்கிப் பார்த்தாள். "உதுக்கு மூக்கிலை பாரம் காணாது. ஜூலி அன்ரி, களிமண் இருக்கோ?"

"டப்பாவை வீட்டுக் குசினியிலை விட்டிட்டு வந்திட்டன், பிள்ளை."

இருந்த களிமண் எல்லாம் துஷானியின் கிளைடர் மூக்கில்தான் ஒட்டியிருந்தது. அதை எடுத்தால் இன்றைய ரிபன் என்னாவது? திரும்பிப் பார்த்தாள். மிதுசன் பையைத் தோளில் போட்டுவிட்டான். அவளுக்கு மனம் கேட்கவில்லை. பாதியைக் கிள்ளி அவன் கிளைடரில் ஒட்டினாள்.

"மேலை பாத்து எறியாதை. நேரை எறி."

கிளைடர் வழுக்கிக்கொண்டு போய்ப் புல்லில் மெதுவாக இறங்கியது. ஆறு செக்கன்தான். மிதுசன் ரிபன் கிடைத்தவன் மாதிரி ஓடி வந்தான்.

"அக்கா, இப்ப நீங்கள் எறியுங்கோ. நான் ஸ்டாப்வாச் பிடிக்கிறன்."

துஷானி எறிந்தாள். பாரம் குறைந்த கிளைடர் இறங்க மனமில்லாமல் மிதந்தது. இவ்வளவு நாளும் தேவைக்கு மேல் களிமண் ஒட்டியிருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பத்தொன்பது, இருபது, இருபத்தொண்டு!" மிதுசன் கத்திக்கொண்டே துள்ளத் தொடங்கினான். கிளைடர் தரையைத் தொட்டது. அவன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தான். ஸ்டாப்வாச்சை அமத்தி நிறுத்த மறந்தே போனான்.

ஜூலி அன்ரி அதை வாங்கிப் பார்த்தார். "ஒரு நிமிசம் பதினேழு செக்கன். இதுக்கு நான் எந்த ரிபனைக் குடுக்கிறது?" வாயால் எண்ணியதெல்லாம் அவரிடம் செல்லாது.

துஷானிக்கு அழுகை முட்டியது. மிதுசனின் முழிப்பைப் பார்த்ததும் அதுவே சிரிப்பாகிவிட்டது.

"பரவாயில்லை, வாற சனி திரும்ப எறியிறன். ஆனால் அன்ரி, இருபது இருபதாவே இருக்கட்டும். முதல் தரம் பறக்க விடுறவைக்கும் ஒரு சின்ன ரிபன் குடுங்கோவன்."

ஜூலி அன்ரி யோசித்தார். "ஓம், உது நல்லதுதான்."

"நானும் வருவன்," என்றான் மிதுசன். "மச்சாள்மாரையும் கூட்டிக்கொண்டு வாறன். அவையள் சரியா அமத்துவினம்."

அடுத்த சனிக்கிழமை அவனுடைய மாமா வீட்டு மச்சாள்மார் மூன்று பேரும் கையில் ஃபோனோடு வந்து நின்றார்கள். துஷானியின் கிளைடர் தரையைத் தொட்டதும் மூன்று விரல்கள் ஒன்றாக அமத்தின. மூன்றிலும் இருபத்திரண்டுக்கு மேல்.

ஜூலி அன்ரி மிதுசனின் சட்டையில் சின்ன வெள்ளை ரிபன் குத்தினார். பிறகு துஷானிக்கு நீல ரிபனைக் குத்திக்கொண்டிருக்கும்போதே, மச்சாள்மாரில் சின்னவள் துஷானியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, எனக்கும் கொஞ்சம் களிமண் தாங்கோ."