கால் எட்டும் வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் நமங்கான் நகரின் பழைய கார் சந்தையில் கால் வைக்க இடமில்லை. வெள்ளை வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. பல் மருத்துவரின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் போல, எல்லா வண்டிகளின் முன்மூடிகளும் திறந்திருந்தன.

பதினொரு வயது ஹுல்கார் அப்பாவின் கோட்டு நுனியைப் பிடித்தபடி நடந்தாள். இன்று ஒரு வண்டி வாங்கியாக வேண்டும். சந்தை அடுத்துக் கூடுவது அடுத்த ஞாயிறுதான். அம்மாவின் வேலை அதுவரை தாங்காது.

அம்மா ஓய்தின், மலையடிவாரக் கிராமத்து மருத்துவமனையில் செவிலியர். வீட்டின் பழைய வண்டி மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரேயடியாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஷேர் டாக்ஸி கிடைக்காமல் நான்கு முறை தாமதமாகப் போனார். "இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன்" என்று தலைமை மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால்தான் இன்று விடுப்புக்கூடக் கேட்காமல், சுமை வண்டி ஒன்றில் இடம் கேட்டு விடியும் முன்பே கிளம்பிப் போயிருந்தார்.

வீட்டில் வண்டி ஓட்டுபவர் அம்மா ஒருவர்தான். வேதியியல் ஆசிரியரான அப்பா எர்காஷுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. ஆகவே வண்டியைப் பார்த்துச் சொல்ல அம்மாவின் அண்ணன் தோலிப் மாமா வந்திருந்தார். மாமா ஆறடிக்கும் மேல் உயரம். இடிபட்டு மறுபடி பூசிய வண்டியைக் கண்டுபிடிக்க, பெயின்ட்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று அவருடைய சட்டைப்பையில் எப்போதும் இருக்கும்.

முதல் வண்டியின் கதவில் அதை வைத்து அழுத்தினார். எண்ணைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னய்யா இது, வண்டியா, வீட்டுச் சுவரா? இத்தனை தடவை பூசியிருக்க?"

இரண்டாவது வண்டியின் பின்பக்கம் முழுவதையும் வண்டி ஓடுவதற்கான எரிவாயு உருளை அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு முலாம்பழம் வைக்கக்கூட இடமில்லை. மூன்றாவது வண்டிக்காரர் அப்பாவின் தோளில் கை போட்டார்.

"வாத்தியாரே, இது ஆட்டோமேட்டிக். கியரே மாத்த வேணாம். உக்காந்தா போதும், அதுவே போகும்."

"என் வீட்டம்மா கியர் வண்டிதான் வேணும்னாங்க. பனி விழுந்தா மலைச்சரிவுல அதுதான் சொன்ன பேச்சு கேக்குமாம்" என்றார் அப்பா.

நான்காவதாகப் பார்த்த வண்டி எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சின்ன வண்டி. பின்கதவு மேல்நோக்கித் திறந்தது. உள்ளே நல்ல இடம். அதன் சொந்தக்காரர் நூரிதீன் நெடுநெடுவென்று உயர்ந்த இளைஞர். குடும்பம் பெருகிவிட்டதால் பெரிய வண்டி வாங்கப்போவதாகச் சொன்னார். தோலிப் மாமா சந்தையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார்.

"சத்தமே இல்லாம பூனைக்குட்டி மாதிரி ஓடுது மச்சான்! இதை விட்டா வேற கிடைக்காது. நாம யோசிச்சிட்டு நிக்கறதுக்குள்ள எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்."

அவ்வளவுதான். எங்கிருந்தோ தரகர் ஹம்ரோ வந்து குதித்தார். நூரிதீனின் கையை இழுத்து அப்பாவின் கையோடு சேர்த்தார். இரண்டையும் தன் கைகளுக்குள் இறுக்கிக்கொண்டு மேலும் கீழும் குலுக்கத் தொடங்கினார்.

"அண்ணே, நீங்க ஒரு படி இறங்குங்க! வாத்தியாரே, நீங்க ஒரு படி ஏறுங்க! நடுவுல நின்னு பாத்துக்கலாம்!"

அந்தச் சந்தையில் இப்படித்தான் விலை பேசுவார்கள். கையை உருவிக்கொள்ளப் பார்த்தால் தரகர் விடமாட்டார். விலை படிந்ததும் எல்லோரும் கைகளை ஏந்தி, "ஆமீன்" என்று முகத்தைத் தடவிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பேச்சு மாறுகிறவரோடு அங்கே யாரும் வியாபாரம் செய்வதில்லை.

ஹுல்கார் அந்தக் குலுக்கலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டியை ஓட்டிப் பார்த்தவர் மாமா. மாமாவின் கால் அம்மாவின் காலைப் போல இரண்டு மடங்கு நீளம். அம்மா உட்கார்ந்தால்?

அம்மா குள்ளம். ஹுல்காரும் அம்மாவும் இப்போது ஒரே உயரம். இன்று அவள் போட்டிருப்பதே அம்மாவின் பூட்ஸ்தான்.

அவள் சத்தமில்லாமல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். இடதுகாலை நீட்டிக் கிளட்சை மிதித்தாள். பூட்ஸின் நுனிதான் பட்டது. எக்கி அழுத்தியும் பாதி தூரம்கூட இறங்கவில்லை. இருக்கையை முன்னால் நகர்த்தலாம் என்று அடியில் இருந்த கம்பியைத் தூக்கினாள். கம்பி அசையவே இல்லை.

"அப்பா! இந்த சீட்டு நகர மாட்டேங்குது. அம்மாவுக்குக் கால் எட்டாது!"

"சும்மா இரு கண்ணு, பெரியவங்க பேசிட்டிருக்கோம்" என்றார் மாமா.

தரகர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதுகுக்கு ஒரு தலையணை வெச்சா எட்டிட்டுப் போகுது! எங்க வீட்டுல மூணு தலையணை இருக்கு, ஒண்ணு தர்றேன். அண்ணே, இன்னும் அரைப்படி இறங்குங்க!"

அப்பாவும் தலையாட்டினார். பழைய வண்டியில் அம்மா தலையணை வைத்துத்தான் ஓட்டினார் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று ஹுல்காருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

சொன்னால் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? சொல்லாவிட்டால்?

"படிஞ்சுது!" என்று தரகர் கத்தினார். "வாங்க, கையை ஏந்துங்க! ஆ..."

ஹுல்கார் ஹாரனில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள்.

பாஆஆஆம்! பக்கத்தில் சம்சா விற்றுக்கொண்டிருந்தவர் தட்டைத் தவறவிட்டார். தரகரின் "ஆமீன்" பாதியிலேயே நின்றது.

"என்ன பண்ற நீ?" மாமாவின் முகம் சிவந்துவிட்டது.

"தலையணை வேணாம்ப்பா. அது நழுவும்."

"இறுக்கிக் கட்டினா நழுவாதும்மா" என்றார் அப்பா.

"நழுவுச்சுப்பா." ஹுல்கார் ஸ்டியரிங்கையே பார்த்தாள். "ரயில்வே கேட்டுல. தண்டவாளத்து மேலயே. தலையணை சாஞ்சதும் அம்மா கால் கிளட்ச்சுல இருந்து வழுக்கிடுச்சு. இன்ஜின் அணைஞ்சு போச்சு. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். ரயில் ஊதற சத்தம் கேட்டுச்சு. அம்மா சாவியைத் திருப்பிக்கிட்டே இருந்தாங்க. மூணாவது தடவைதான் கிளம்புச்சு."

ஹுல்கார் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"நீங்க பயந்துபோவீங்கன்னு உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

அப்பாவின் உதடுகள் வெளுத்துப்போயின. ஏந்திய கைகளை மெல்லக் கீழே இறக்கினார். தரகர் ஹம்ரோ இந்த முறை பிடித்திழுக்கவில்லை.

"இந்த வண்டி வேணாம் தோலிப்" என்றார் அப்பா.

"இரு மச்சான், இரு. ஒரு சீட்டுக்காகவா விடறது? நகர்த்திக் காட்டறேன் பாரு." மாமா குனிந்து கம்பியைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார்.

டொக்!

கம்பி அவருடைய கையோடு வந்துவிட்டது.

"அண்ணே!" நூரிதீன் தலையில் கை வைத்துக்கொண்டார். "முழுசா இருந்த வண்டியை உடைச்சிட்டீங்களே! இனி இதை யார் வாங்குவாங்க?"

"உடைச்சவங்க எடுத்துக்க வேண்டியதுதான்" என்று தரகர் சட்டம் பேசினார். கூட்டம் கூடிவிட்டது. "ஆமாம், ஆமாம்" என்றார்கள் நான்கைந்து பேர். ஒடிந்த கம்பியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் மாமா முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மாமா அப்போது மிகச் சிறியவராகத் தெரிந்தார்.

ஹுல்காருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாமாவின் கைக்குப் பலம் போதவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. அப்படியென்றால் இருக்கையை வேறு ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

"அப்பா, உங்க போன்ல லைட் போட்டுக் குடுங்க."

வண்டியின் தரையில் கன்னம் படக் குனிந்து இருக்கைக்கு அடியில் வெளிச்சம் காட்டினாள். இருக்கை நகரும் தண்டவாளம் போன்ற பள்ளத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ சிக்கியிருந்தது. பெரியவர்களின் கை அங்கே நுழையாது. அவளுடையது நுழைந்தது. தலையில் இருந்த கொண்டை ஊசியை எடுத்து நெம்பினாள். ஒன்று வந்தது. இன்னும் நெம்பினாள். இரண்டு, மூன்று. கடைசியாக ஒன்று துள்ளி அவள் மூக்கில் பட்டது.

உள்ளங்கையை நூரிதீனிடம் நீட்டினாள். நான்கு ஆப்ரிகாட் கொட்டைகள்.

"அண்ணே, உங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

நூரிதீன் கொட்டைகளைப் பார்த்தார். கோபமாக இருந்த முகம் மெல்லக் குழைந்தது. "ரெட்டைப் பசங்க. பழத்தைத் தின்னுட்டு கொட்டையை எங்கடா போடறீங்கன்னு கேட்டா, ரெண்டும் வானத்தைக் காட்டுவானுங்க."

கூட்டம் சிரித்தது.

"மாமா உடைக்கலை அண்ணே. இந்தக் கொட்டைங்கதான் உடைச்சிருக்கு" என்றாள் ஹுல்கார்.

"அதான பாத்தேன்!" மாமா நிமிர்ந்தார். முதுகுக்குப் பின்னாலிருந்த கம்பி வெளியே வந்தது. "இருந்தாலும் புதுக் கம்பி நான்தான் வாங்கிப் போடுவேன் தம்பி. என் கையால போச்சு."

உதிரிப்பாகக் கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்து, அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து அவரே மாட்டினார். அந்த அரை மணி நேரத்தில் வேறு இருவர் அந்த வண்டிக்கு விலை கேட்டார்கள். நூரிதீன் அப்பாவைக் கைகாட்டி, "அவங்க பாத்து முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மாமா புதுக் கம்பியைத் தூக்கினார். கரகரவென்ற ஒலியோடு இருக்கை முன்னால் வந்தது.

ஹுல்கார் ஏறி உட்கார்ந்தாள். அப்பா கதவோரம் மண்டியிட்டு, நல்ல கண்ணைக் கிளட்சுக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"மிதிம்மா."

கிளட்ச் தரைவரை போனது. குதிகால் தரையிலேயே இருந்தது.

"இன்னொரு தடவை."

போனது.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"வாத்தியாரே, பரீட்சையா வெக்கறீங்க?" என்று தரகர் முணுமுணுத்தார். அப்பா எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, தானாகவே கையை நீட்டினார். இந்த முறை "ஆமீன்" முழுதாக ஒலித்தது. ஹுல்காரும் முகத்தைத் தடவிக்கொண்டாள்.

மதியம் இரண்டு மணிக்கு மாமா வண்டியை மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் இறங்கியதும் ஹுல்கார் இருக்கையைத் தன் உயரத்துக்கு நகர்த்திவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவிடம் எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை.

வேலை முடிந்து அம்மா வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து மூடி, கடைசியில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால் தலையணையைத் தேடித் துழாவினார்.

அப்பா பக்கத்து இருக்கையில் இருந்தார். இத்தனை வருடங்களில் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"கால் எட்டுதா ஓய்தின்?"

அம்மாவின் கை நின்றது. கண்ணாடி வழியாக ஹுல்காரைப் பார்த்தார். ஹுல்கார் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள நினைத்தாள், தாழ்த்தவில்லை. பிறகு அம்மாவின் கண்ணோரம் சிரிப்பில் மெல்லச் சுருங்கியது.

இடதுகாலை நீட்டிக் கிளட்சை மிதித்தார். அது தரைவரை போனது.

"எட்டுது" என்று சொல்லி, முதல் கியரைப் போட்டார்.