தூங்காத ஜீப்

பதினொரு மணித்தியாலம். மாலை ஐந்துக்கு நிறுத்தினால், விடியக்காலை நான்குக்கு சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் அந்தப் புது ஜீப் செத்துக் கிடக்கும். ஒரே மாதத்தில் இரண்டு பெட்டரிகள் போய்விட்டன. இன்றும் அடுத்த வண்டியிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, பட்டிப்பொலவிலிருந்து கந்தப்பளைக்கு வந்திருந்தான் யோகேஸ்வரன். முனாப் நானாவின் பெட்டரிக் கடையில் சத்தமாகக் கேட்டான்.

"இந்தப் பெட்டரிக்கு சார்ஜ் போட்டவன் எவன்?"

"எவன் இல்லங்க... நான்."

திரும்பினான். ஒரு பெண். கிரீஸ் படிந்த விரல்கள். சாரல் தங்கிய இமைகள். கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது...

பட்டறையில் வேலை செய்யும் ஜெயந்தினிக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கம்பஸில் பௌதிகவியல் படித்த காலத்திலும் எந்த ஆணையும் இப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால், இன்னொரு பெட்டரி திரும்பி வந்தால் பட்டறையை விட்டு பில் எழுதத்தான் போக வேண்டும் என்று முனாப் நானா காலையில் சொல்லியிருந்தார்.

"வயர்ல யாராச்சும் கை வச்சாங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் வைக்கல. பெட்டரிய மட்டும் நான் மாட்டினேன். ஜீப்புக்காரங்க எல்லாம் வயரிங்குக்கு என்னத்தான் கூப்பிடுவாங்க, தெரியுமா?"

கடைக்கு வெளியே சாரலில் நின்ற ஜீப்பில், கரண்ட் ஓடுவதை அளக்கும் மீட்டரை அவள் பொருத்தினாள். பியூஸ்களை எட்டுவதற்காகத் திறந்து வைத்த முன்கதவின் பூட்டை மட்டும் மடக்கி, கதவு சாத்தியிருப்பதாக வண்டியை நம்பவைத்தாள். சாவியைத் தூரத்தில் வைத்தாள்.

"உள்ள இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் தூங்கணும். நாப்பது நிமிசம் தொடக்கூடாது."

"தாலாட்டு பாடவா மிஸ்?"

"நீங்க பாடினா முழிச்சிரும்."

சிரித்தான். கன்னத்தில் குழி... அவள் அவசரமாக மீட்டரைப் பார்த்தாள்.

குளிருக்கு ஜாக்கெட் எடுக்கப் பின்கதவருகே போனான். "ஐயோ, திறக்காதீங்க!" அவன் கை பாதியில் நின்றது. நனைந்துகொண்டே நின்றான். அவள் தன் குடையை நீட்டினாள்.

நாற்பது நிமிடம் கழிந்தும் நான்கு அம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினாள். ஏழாவதில் முள் சட்டென்று விழுந்தது. அந்த வயரைத் தொடர்ந்து போனாள். டாஷ்போர்டில் முருகன் படத்துக்கு இரவும் பகலும் எரியும் குட்டி விளக்கு. விளக்கு குடிப்பது ஒரு சொட்டுதான். ஆனால் அதன் வயரைக் கம்ப்யூட்டர் லைனில் செருகியிருந்ததால் எதுவுமே தூங்கவில்லை. இணைப்பைச் சுற்றிப் பச்சை டேப். பெட்டரி முனையில் அவன் சுற்றியிருந்த அதே டேப்.

நிமிர்ந்தாள். அவன் கண்கள் தாழ்ந்தன.

அப்போதுதான் முனாப் நானா வந்தார். கூடவே இரண்டு ஜீப்புக்காரர்கள்.

"என்ன மகள், பிழை எங்க?"

"கண்டுபிடிச்சாச்சு நானா. இனி நிக்காது."

"அதக் கேக்கல்ல. நம்மட பெட்டரிலயா, அவர்ட வயர்லயா?"

அவள் பிடுங்கிய பியூஸைத் திரும்பச் செருகினாள். தன் கெட்டித்தனத்தைக் காட்ட, கூட்டாளிகள் முன்னால் ஒருவன் தலையைக் குனிய வைப்பதா? வேலை தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அது போதும்.

"அப்ப நாளையில இருந்து பில் புத்தகத்த எடுங்க."

அவள் மீட்டர் வயரைச் சுருட்டினாள். தலை நிமிர்ந்தே இருந்தது.

"நானா..." யோகேஸ்வரன் முன்னால் வந்தான். ஜீப்புக்காரர்கள் திரும்பினார்கள். அவன் அவளை மட்டுமே பார்த்தான்.

"அந்த வயர இழுத்தது நான்தான். ரெண்டு பெட்டரியையும் கொன்னது நான். அது தெரிஞ்சும் என்னக் காட்டிக் குடுக்காம நிக்கிறாங்க பாருங்க... இவங்களத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."